சைக்கிளை விட்டு இறங்காதவன்

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். விடியும்வரை பெய்த ஐப்பசித் துலாமழை விட்டிருந்தது. மேற்கே வானம் இன்னும் கறுத்துக் கிடந்தது. ரப்பர் மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. மார்த்தாண்டத்தில் மகள் வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு, பாறசாலையில் பஸ் இறங்கி, குடையும் பையுமாக வீட்டுக்கு வந்தேன். படி ஏறுவதற்கு முன் வழக்கம்போல வீட்டின் பக்கவாட்டுத் தகரச் சாய்ப்பைப் பார்த்தேன். என் சைக்கிள் அங்கே இல்லை. அது நின்ற இடத்தில் துணி காயப்போடும் மடக்கு ஸ்டாண்ட் ஒன்று நின்றது. அதில் மருமகளுடைய இரண்டு சுரிதார் தொங்கின.

மனைவி அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"சைக்கிள் எங்க?"

"வந்ததும் வராததுமா சைக்கிளா? கையக் கால கழுவிட்டு வாங்க. தோசை இருக்கு."

"சைக்கிள் எங்கன்னு கேட்டேன்."

"ஆக்கர்க்காரன் வந்தான். குடுத்தாச்சு."

பழைய இரும்பையும் பிளாஸ்டிக்கையும் எடைக்கு எடுக்கிறவனை எங்கள் பக்கம் ஆக்கர்க்காரன் என்போம். எவ்வளவுக்கு என்று கேட்டேன்.

"முந்நூத்தி நாப்பது. பழைய மிக்சியும் சேத்தாக்கும்."

மிக்சியையும் சேர்த்து. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மருமகள் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவள், பையைத் தோளில் மாட்டியபடி வந்து நின்றாள். "மாமா, உங்க நல்லதுக்குத்தான். இனி எங்க போணும்னாலும் சொல்லுங்க, நான் ஆட்டோ விளிச்சுத் தாறேன்." நல்ல பெண். மனதில் ஒன்றும் கிடையாது. செப்டம்பரில் ரயில்வே பாலத்துக்குப் பக்கத்தில் ஜல்லியில் சறுக்கி விழுந்தேன். முழங்கையில் நான்கு தையல். அன்றே மகன் முடிவு செய்துவிட்டான் என்பது இப்போதுதான் புரிந்தது. மார்த்தாண்டத்துக்கு என்னை அத்தனை அன்பாக அனுப்பிவைத்ததும் எதற்கு என்று புரிந்தது.

எங்கே போனாலும் சொல்ல வேண்டுமாம். எழுபத்தாறு வயதில், வங்கிக்கும் நூலகத்துக்கும் அக்கா வீட்டுக்கும் போக நான் அனுமதி கேட்க வேண்டும். அதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. பின்னால் நடந்தது முழுவதும் இந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

சைக்கிளைப் பற்றி எழுதுகிறவர்கள் கண்ணில் நீர் வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். முகத்தில் மோதிய அந்தக் காற்று, அந்த மணிச்சத்தம் என்று. எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் எதிர்க்காற்றுதான். 1972-இல் அதை வாங்கினேன். நெய்யாற்றின்கரையில் தாலுகா ஆபீசில் கிளார்க் வேலை கிடைத்து ஒன்பதாவது மாதம். போகப் பதினொரு கிலோமீட்டர், வரப் பதினொரு கிலோமீட்டர், முப்பது வருடம். ஜூன் மாத இடவப்பாதி மழையில் கேரியரில் பிளாஸ்டிக் தாளுக்குள் இன்னொரு சட்டை இருக்கும். ஆபீஸ் பின்பக்கம் நின்று மாற்றிக்கொண்டு கையெழுத்துப் போடுவேன். ஆபீசில் பதினான்கு பேர், அதில் பதினொரு பேருக்குச் சைக்கிள். மேலதிகாரிக்கு ஜீப். அந்த ஜீப்பைத் தள்ளிவிடுவது சைக்கிள்காரர்கள் பதினொரு பேருடைய வேலை. இதில் நினைத்து உருக ஒன்றும் இல்லை. கால் வலித்தது, போய்ச் சேர்ந்தோம். அவ்வளவுதான்.

சம்பளம் ஆபீஸ் கொடுத்தது. அரிசி சைக்கிள் கொடுத்தது. தமிழ்நாட்டு அரிசியை எல்லை தாண்டிக் கேரளத்துக்குக் கொண்டுவரத் தடை இருந்த காலம் அது. களியக்காவிளைச் சந்தையில் அரிசி மலைபோலக் குவிந்திருக்கும். சற்றுத் தள்ளி, கேரளப் பக்கம், எங்கள் வீட்டில் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு வெந்துகொண்டிருக்கும். நடுவில் ஒரு கோடு, அதில் போலீஸ். மெயின் ரோட்டில் போனால் பிடிப்பார்கள். மரச்சீனி விளைகளுக்கு ஊடே ஒற்றையடிப்பாதை உண்டு. ஒருவன் காலிச் சைக்கிளில் முன்னால் போவான். அவன் மணி அடித்தால் ஆள் நிற்கிறது என்று அர்த்தம். பின்னால் மூட்டையோடு வருகிறவர்கள் சத்தமில்லாமல் விளைக்குள் இறங்கிவிடுவோம். கேரியரில் இருபது கிலோ, முன்கம்பியில் பத்து கிலோ. அந்த எடை தாங்க வேண்டும் என்றுதான் என் கேரியருக்கு அடியில் இரண்டு இரும்புத் தண்டு கூடுதலாகப் பற்றவைத்தேன். எல்லைப் பக்கத்துச் சைக்கிளுக்கு அது அடையாளம். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட வாசலில் நிற்கும் சைக்கிளின் கேரியரைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

இதை இன்று கடத்தல் என்று என் மகன் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சிரிக்கிறான். அந்தச் சோற்றைத் தின்றுதான் அவன் ஆறடி வளர்ந்தான். நான் விலை கொடுத்து வாங்கினேன், வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதற்கு ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை. இந்த வயதில் தொடங்கப்போவதும் இல்லை.

தோசையைத் தின்னாமல் மறுபடி பஸ் ஏறினேன். ஆக்கர்க்காரனுடைய கிடங்கு பனச்சமூட்டில் இருந்தது. அங்கே ஒரு கடையில் டீ குடித்துவிட்டு எதிர்க்கடையில் வெற்றிலை வாங்கினால் மாநிலம் மாறிவிடும். கிடங்குக்காரன் ஃபிரிட்ஜ் கதவுகளுக்கு நடுவே உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தான்.

"சாரே, அது போயாச்சே. கோட்டுகால்ல ஒரு ரிசார்ட்டுக்காரன் வந்து எடுத்துட்டான். பழைய சைக்கிள் எது வந்தாலும் அவனுக்குத்தான் முதல்ல விளிக்கணும்."

"அவனுக்கு என்னத்துக்கு?"

"பூ வைக்க."

நான் ஏதோ தவறாகக் கேட்டுவிட்ட மாதிரி நின்றேன். அவன் சோற்றுக் கையாலேயே காற்றில் வரைந்து காட்டினான். "சுவரில சாத்தி வச்சு, பெயிண்ட் அடிச்சு, கேரியரில சட்டி வச்சு, சட்டியில பூ. வெள்ளக்காரன் வந்து போட்டோ எடுப்பான்."

"எவ்வளவுக்குக் கொடுத்தே?"

"அது பிசினசாக்கும் சாரே," என்றான். சிரித்தான்.

மறுநாள் புதன்கிழமை. குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

"எங்க போறியள்?" என்றாள் மனைவி.

"வெளியே."

"வெளியேன்னா?"

"வீட்டுக்குள்ள இல்லாத இடம்."

நெய்யாற்றின்கரையில் பஸ் மாறிக் கோட்டுகால் போய்ச் சேர்ந்தபோது பத்தரை. இரண்டு நாள் பஸ் கூலியும் சேர்த்து நூற்றுப்பதினெட்டு ரூபாய். விடுதி கடலைப் பார்த்து இருந்தது. செங்கல் மதிலில் மூன்று சைக்கிள்கள் சாத்தியிருந்தன. இரண்டுக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. சக்கரக் கம்பிகளுக்கும் சேர்த்து வெள்ளை. இனி அவை உருளா. மூன்றாவது என்னுடையது, கறுப்பு கறுப்பாகவே இருந்தது. இருபது கிலோ அரிசி ஏற்றிய கேரியரில் ஒரு பிரம்புக் கூடை, அதில் காகிதப்பூச் செடி. நான் போய்க் கூடையைத் தூக்கித் தரையில் வைத்தேன்.

மேனேஜர் பையன் ஓடி வந்தான். கழுத்தில் டை. பேச்சு மலையாளத்தில் நடந்தது, தமிழில் தருகிறேன்.

"அங்கிள், தொடாதீர்கள். இது காட்சிக்கு வைத்தது."

"இது என் சைக்கிள்."

"இது எங்கள் சைக்கிள், அங்கிள். பில் இருக்கிறது."

"பில்லில் என்ன எழுதியிருக்கிறது?"

அவன் உள்ளே போய் எடுத்துவந்து வாசித்தான். "பழைய இரும்பு, ஒன்று."

"சரி. பழைய இரும்பு ஓடுமா என்று பார்."

விடுதிப் படியில் ஏறி நின்று, கம்பிக்கு மேலே காலைப் போட்டு உட்கார்ந்தேன். முற்றத்தின் நடுவே ஒரு நீரூற்று இருந்தது. அதைச் சுற்றி நான்கு வட்டம் போனேன். டயரில் காற்று குறைவாக இருந்தது; ஆனாலும் போயிற்று. சாய்வு நாற்காலியில் கிடந்த வெள்ளைக்காரி ஒருத்தி எழுந்து கை தட்டினாள். இன்னொருத்தர் போட்டோ எடுத்தார். மேனேஜர் எனக்குப் பின்னால் "அங்கிள், அங்கிள்" என்று சுற்றி வந்தான். மறுபடி படியோரம் நிறுத்தி இறங்கினேன்.

ஐயாயிரம் கேட்டான். பெயிண்ட் அடிக்காததால் ஐயாயிரம், அடித்திருந்தால் எட்டாயிரமாம். ஓடுகிற சைக்கிளை ஓடாமல் ஆக்கினால் விலை கூடுகிற உலகம் எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. அவர்களுக்கு அது பழைய காலம். நான் அதில் ஏறிக் கரண்ட் பில் கட்டப் போகிறவன். ஒரு மணி நேரம் பேசி மூவாயிரத்துக்கு வாங்கினேன். "அங்கிளுக்கு இது சென்டிமென்ட், இல்லையா?" என்றான் பையன், அன்பாக. "இல்லை, வாகனம்," என்றேன்.

பதினேழு கிலோமீட்டர் மிதித்தால் தனுவச்சபுரத்தில் அக்கா வீடு. அங்கே சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவது என்று திட்டம். வழியெல்லாம் என்னை ஒதுங்கச் சொன்னார்கள். லாரி ஹாரன் அடித்தது. பைக்கில் போன இரண்டு பையன்கள், "அப்பூப்பா, சைடு! சைடு!" என்று கத்தினார்கள். ரோட்டின் ஓரத்தில்தான் போய்க்கொண்டிருந்தேன். அதற்கும் ஓரம் ஓடைதான். நெய்யாற்றின்கரையில் பின்டியூப் வெடித்தது. முன்டியூபையும் பார்த்துவிட்டுக் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். இரண்டையும் மாற்ற முந்நூற்று எண்பது. அமரவிளைப் பாலத்தில் ஆற்றுக்காற்று எதிரே வந்தது. நான் சொன்னேன் அல்லவா, எப்போதும் எதிரே தான். பாலத்தைக் கடந்தபோது வலது இடுப்பு இறுகிக்கொண்டு வருவது தெரிந்தது. மிதிக்க முடிந்தது, மற்றபடி அந்தக் கால் என் சொல் கேட்கவில்லை.

அக்காவுக்கு எண்பத்தொன்று. இடது காது கேட்காது. இரண்டே முக்கால் மணிக்கு நான் அவள் வீட்டு முற்றத்தில் சைக்கிளை விட்டபோது, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பயறு உரித்துக்கொண்டிருந்தாள். இடது காலைத் தரையில் ஊன்றினேன். வலது காலைத் தூக்கிப் பின்னால் எடுக்கப் பார்த்தேன். அது எழும்பவில்லை. சாய்ந்து இறங்கப் பக்கத்தில் படியும் இல்லை, சுவரும் இல்லை. அப்படியே நின்றேன், மூச்சு வாங்கிக்கொண்டு.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தரையில் ஊன்றியிருந்த காலைப் பார்த்தாள். பயற்றுத் தட்டு கவிழ்ந்தது.

"எனக்க பொன்னே! போயிட்டியா நீ! எனக்கு முன்ன போயிட்டியா நீ!"

நெஞ்சில் அடித்துக்கொண்டு அவள் அழுதது என் மனைவிக்காக.

இதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் எங்கள் பக்கம் டெலிபோனுக்கு முன்னால் சாவு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று தெரிய வேண்டும். சைக்கிளில்தான் போயிற்று. ஒருவர் இறந்தால் குடும்பத்தில் சைக்கிள் வைத்திருக்கிறவன் உடனே கிளம்ப வேண்டும். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பதினைந்து, இருபது வீடு, மத்தியானத்துக்குள். எந்த வீட்டிலும் இறங்கக்கூடாது. இறங்கினால் பிடித்து உட்காரவைத்து, எப்படி, எப்போது என்று கேட்டு அழுவார்கள். அடுத்த வீட்டுக்குச் செய்தி போகாது. அதனால் முற்றத்தில் ஒரு காலை ஊன்றி, சைக்கிளில் இருந்தபடியே, யார் போனது, பிணம் எடுப்பு எத்தனை மணிக்கு என்று இரண்டே வாக்கியம் சொல்லிவிட்டுத் திருப்ப வேண்டும். தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. வசதிக்கு வந்த பழக்கம், பிறகு சட்டம் ஆயிற்று. மற்ற எந்தக் காரியத்துக்கு வருகிறவனும் முற்றத்தில் நுழைந்ததும் இறங்கிவிட வேண்டும். தபால்காரர் இறங்குவார். கடன் கேட்க வருகிறவன் இறங்குவான். இறங்காமல் ஒருவன் நின்றால், அவன் வாய் திறப்பதற்கு முன்பே வீட்டில் அழுகை தொடங்கிவிடும். இந்த வயதில் நானே வந்து அப்படி நின்றால் அது என் மனைவியாகத்தான் இருக்க வேண்டும் என்று அக்கா முடிவு செய்துவிட்டாள்.

நான் நாற்பத்தொரு சாவு சொல்லியிருக்கிறேன். இதே முற்றத்தில் மூன்று முறை ஒரு காலை ஊன்றி நின்றிருக்கிறேன். ஒரு முறை எங்கள் அப்பாவுக்கு. ஒரு முறை அம்மாவுக்கு. மூன்றாவது முறை, ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து, அக்காவுடைய கணவருக்கு. அன்று மட்டும் நான் இறங்கிவிட்டேன். இறங்கக்கூடாதுதான். ஆனால் அவள் என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டே சம்பா அரிசி உண்டா என்று கேட்டாள். இன்னும் என் காலைப் பார்த்திருக்கவில்லை.

"அக்கா, ஒண்ணுமில்ல! யாரும் சாகல்ல! அவ வீட்டில தேங்கா துருவுகா!" என்று கத்தினேன். யாருக்குக் கேட்கும்? உள்ளேயிருந்து அவளுடைய மருமகள் ஓடிவந்தாள். பள்ளிக்கூடத்து ஆசிரியை, அன்று லீவு, கெட்டிக்காரி, எந்தக் காரியத்தையும் தள்ளிப்போடாதவள். ஒரு கையால் மாமியாரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனில் குடும்பக் குழுவில் போட்டுவிட்டாள்: மாமி போய்விட்டார்கள், மாமா இங்கே இருக்கிறார். நான் முற்றத்து ஓரத்தில் நின்ற பலாமரம்வரை சைக்கிளை நகர்த்திக்கொண்டு போய், அதில் சாய்ந்து, காலைக் கையால் தூக்கி இறங்கி முடிப்பதற்குள் அறுபத்துமூன்று பேர் அதைப் படித்துவிட்டார்கள். பிறகு அவள் திருத்தம் போட்டாள். சாவைப் படித்தவர்கள் திருத்தத்தைப் படிக்கவில்லை. அதற்குள் சட்டை மாற்றப் போய்விட்டார்கள்.

வீட்டில் என் மனைவி தனியாக இருந்தாள். போன் அடித்திருக்கிறது. எடுத்தாள். நெய்யாற்றின்கரையில் இருக்கும் என் சித்தப்பா மகன்.

"எடுப்பு எப்பம்?" என்று தழுதழுத்துக் கேட்டிருக்கிறான்.

"யாருக்கு?" என்றிருக்கிறாள் இவள்.

குரலை அடையாளம் கண்டு அவன் போனைக் கீழே போட்டுவிட்டான். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் அவன் யாருடைய போனையும் எடுக்கவில்லையாம்.

வெளியே என்று சொல்லிவிட்டுப் போனவன் நான்தான் என்பதால், செத்தது நான் என்று அவள் முடிவு செய்தாள். நான் போகிற சொந்தக்கார வீடு அதுதான் என்று ஆட்டோ பிடித்து அக்கா வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். முற்றத்தில் அதற்குள் ஒன்பது பேர். பலாமரத்தடியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்னை அவள் பார்த்தாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். ஆட்டோக்காரன் மட்டும் நூற்றைம்பது ரூபாய் என்றான். கொடுத்தேன்.

அழுகையை நிறுத்தியிருந்த அக்கா எழுந்து வந்து என் மனைவியின் கன்னம் இரண்டையும் தடவிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "எலே, இவள உயிரோட வச்சுக்கிட்டா சாவு சொல்ல வந்தே?"

"நான் ஒண்ணும் சொல்லல்ல அக்கா. நீயாட்டு அழுத."

"இறங்காம நின்னா வேற என்னத்த நினைக்க? உனக்க மூஞ்சியும் அப்படித்தானே இருந்துது!"

கடைசியில் பதினேழு பேர் ஆனார்கள். வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியாது. முக்குக் கடையிலிருந்து டீயும் பழம்பொரியும் வரவழைத்தேன், நானூற்று எண்பது. அக்கா மகன் வரும் வழியிலேயே ரீத்து வாங்கி வந்துவிட்டான். வெள்ளைப் பூ வளையம், அதன் குறுக்கே நாடாவில் என் மனைவியின் பெயர். பெயர் எழுதியதைக் கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டாராம். அறுநூற்றைம்பது. அவன் வேண்டாம் மாமா என்றான். நான் அவன் சட்டைப்பையில் திணித்தேன். என் மனைவியின் ரீத்துக்கு இன்னொருவன் பணம் கொடுக்க நான் விடுவதாக இல்லை. அவளோ அதை மடியில் வைத்து நாடாவை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்ல, நல்ல பூவாக்கும். எனக்கு எத்தன பேரு வந்தாவன்னு எண்ணினியளா?"

"பதினேழு."

"புதன்கிழமையாப் போச்சு. ஞாயிறுன்னா கூட்டம் இருந்திருக்கும்."

மகன் நாலேகாலுக்கு வந்தான். திருவனந்தபுரத்தில் வங்கியில் வேலை. காரை ரோட்டிலேயே கதவு திறந்தபடி விட்டுவிட்டு ஓடி வந்தான். முகம் வீங்கியிருந்தது, வழியெல்லாம் அழுதுகொண்டு ஓட்டியிருக்கிறான். முதல் செய்தியைப் படித்த பிறகு போனைப் பார்க்கவே இல்லையாம். அம்மா கையில் டீ கிளாசோடு உட்கார்ந்திருப்பதைக் கண்டான். ஐம்பது வயதுக்காரன், ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

கொஞ்சம் கழித்து என்னிடம் வந்தான். சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்து நான் பதில் தயாராக வைத்திருந்தேன்: பூச்சட்டி, மிக்சி, முந்நூற்று நாற்பது எல்லாம். அவன் மெதுவாகக் கேட்டான்.

"அப்பா, ஏன் இறங்கல்ல?"

"முடியல்ல."

"இறங்க முடியாதவங்க எதுக்கு ஏறணும்?"

சைக்கிளை அவன் காருக்கு மேலே கட்டி எடுத்துவந்தான். சாய்ப்பில் வைத்தான். பூட்டவில்லை. பூட்டியிருந்தால் எனக்குச் சண்டை போட ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

மூன்று நாள் நான் அந்தச் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி மட்டும் ஒரு தடவை வந்து, "இன்னொரு தரம் விக்கவா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மகன் கேட்டதில் நியாயம் இருந்தது; அதனால்தான் கோபம் வந்தது. ஆனால் என் கால் மிதித்தது. பதினேழு கிலோமீட்டர், பாலத்தின் எதிர்க்காற்று, எல்லாம் மிதித்தது. என் கண் பார்த்தது, கை பிடித்தது. என்னை இறங்கவிடாமல் வைத்தது எது என்று பார்த்தால் அந்த முன்கம்பி ஒன்றுதான். இருக்கைக்கும் ஹாண்டிலுக்கும் நடுவே ஓடும் கம்பி. பத்து கிலோ அரிசி வைக்க அது தேவைப்பட்டது. இன்று களியக்காவிளை அரிசி பாறசாலைக் கடையிலேயே கிடைக்கிறது. கம்பியில் வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. பின்னே எதற்கு அந்தக் கம்பி? ஆண் என்று காட்டவா?

சனிக்கிழமை பாறசாலையில் சைக்கிள் கடைக்குப் போனேன். பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்துதான் போனேன். கம்பி இல்லாத சைக்கிள் ஒன்று, யாரோ ஓட்டி விற்றது, சிவப்பு நிறம், நிறுத்தியிருந்தது.

"பேத்திக்கா சார்?" என்றார் கடைக்காரர்.

"எனக்கு."

"சாருக்கா?"

"ஏன், எனக்குக் கால் இல்லையா?"

இரண்டாயிரத்து அறுநூறு. என் பழைய இருக்கையையும், தண்டு பற்றவைத்த கேரியரையும் கழற்றி அதில் மாட்டச் சொன்னேன். நெய்யாற்றின்கரையில் போட்ட புது டியூப் இரண்டையும் விடவில்லை. மிச்சம் இருந்த கறுப்பு உடம்பை, கம்பியோடு சேர்த்து, நானே ஆக்கர்க்காரனைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். அதை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க நான் விடுதி நடத்தவில்லை. அதே ஆள்தான் வந்தான். "சாரே, இதுதானே நீங்க பஸ் ஏறி தேடி வந்தது?" என்றான். "எடை போடு," என்றேன். நானூறு கொடுத்தான். என் மனைவிக்குக் கொடுத்ததைவிட அறுபது கூடுதல், அதுவும் மிக்சி இல்லாமல்.

ஊர் சும்மா இருக்குமா? முக்குக் கடையில் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஒருவன் எப்போதும் உட்கார்ந்திருப்பான். முழங்கால் மாற்றியவன், மகன் கார் இல்லாமல் அடுத்த தெருவுக்குப் போகாதவன். என்னைக் கண்டதும் கை தட்டினான்.

"எலே, பொம்பளச் சைக்கிளா! வளையலும் வாங்கினியா மக்கா?"

"வாங்கணும். நீ வாறியா, பின்னால இருத்திக் கூட்டிட்டுப் போறேன்."

"சீ, அதில இருந்தா மானம் போவும்."

"செரி, அப்பம் நீ அந்த நாற்காலியிலயே மானத்தோட இரு. நான் நூலகத்துக்குப் போறேன்."

நாலு நாள் சிரித்தார்கள். ஐந்தாம் நாள் ஒரு ரிட்டயர்ட் ஆசிரியர் வந்து எங்கே வாங்கியது, என்ன விலை என்று கேட்டுவிட்டுப் போனார்.

மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டில் நின்று, "ஏறிக் காட்டுங்க" என்றான். ஏறினேன். "இறங்குங்க." காலை முன்பக்கமாக எடுத்து இறங்கினேன், நாற்காலியிலிருந்து எழுந்திருப்பது மாதிரி. பத்து தடவை செய்யச் சொன்னான். பன்னிரண்டு தடவை செய்தேன். உள்ளே போய்விட்டான். சாயங்காலம் ஒரு ஹெல்மெட் வாங்கிவந்து சாய்ப்பில் ஆணியில் மாட்டினான். அது அவன் பணம், என் கணக்கில் வராது. கேட்டைத் தாண்டும்வரை அதைத் தலையில் வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் மகன் வங்கிக்காரன், கணக்கில் விடமாட்டான். "இதுக்கெல்லாம் மொத்தம் எவ்வளவு ஆச்சுப்பா? அந்தப் பணத்துக்கு எத்தனை நாள் ஆட்டோவில போகலாம், யோசிச்சியளா?" என்றான். யோசித்தேன். நிறைய நாள் போகலாம். ஆனால் ஆட்டோவில் ஏறினால் உட்காருவதற்கு முன்பே எங்கே என்று ஆட்டோக்காரன் கேட்பான். அவனுக்குச் சொல்ல வேண்டும். அவன் முக்கில் சொல்வான், சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடும். சைக்கிளில் ஏறுகிறவன் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ரோடு இரண்டாகப் பிரிகிற இடம் வரைக்கும் அவனுக்கேகூடத் தெரிய வேண்டியதில்லை. நேற்று நான் அப்படித்தான் போனேன். எங்கே என்று இங்கேயும் எழுதப்போவதில்லை.

மகன் கேட்டதற்காகக் கூட்டிப் பார்த்தேன். இரும்பு விற்ற நானூறைக் கழித்தாயிற்று. மனைவி வாங்கிய முந்நூற்று நாற்பது அவளிடம் இருக்கிறது, அதைக் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. பஸ் கூலியிலிருந்து சிவப்புச் சைக்கிள் வரைக்கும், ரீத்தும் டீயும் எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு ரூபாய்.